உயிர்ச்சேதம் இல்லை

தீ விபத்துச் செய்தி எழுதுவதற்கென்று செய்தித்தாள்களில் ஓர் அச்சு உண்டு. "மின்கசிவு காரணமாகத் தீப்பிடித்ததாகக் கூறப்படுகிறது" என்று தொடங்கும். "தகவல் அறிந்து விரைந்து வந்த தீயணைப்பு வீரர்கள் நீண்ட நேரம் போராடித் தீயை அணைத்தனர்" என்று போகும். "அதிர்ஷ்டவசமாக உயிர்ச்சேதம் ஏதுமில்லை, பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள பொருட்கள் எரிந்து நாசமாயின" என்று முடியும். 2023 பங்குனியில், காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீடு எரிந்தபோதும் ஏறக்குறைய இதே வாசகங்களில்தான் செய்தி வந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. அம்மா, அப்பா, ஆயா, தம்பி, நான் எல்லோரும் பிழைத்துக்கொண்டோம். கொட்டகை தள்ளி இருந்ததால் மாடுகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. செந்தூரா செத்துப்போனது. செந்தூரா எங்கள் நாய்.

இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குப் பெயர்க்காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். செந்தூரா மாம்பழத்தில் ஒரு வகை. கிருஷ்ணகிரித் தோப்புகளில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பது பெங்களூரா. அது கூழ் தொழிற்சாலைக்குப் போகிற காய், வருமானம் அதில்தான். செந்தூரா வீட்டில் தின்பதற்கும் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்புவதற்கும். மற்றவற்றை முந்திக்கொண்டு பழுக்கும். காம்பை ஒட்டிச் சிவப்பேறி, கீழே வர வர மஞ்சளாகும். எங்கள் தோப்பு மோட்டார் கொட்டகையில் தெருநாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றைத் தம்பி சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். முதுகு செவலை, வயிறு மஞ்சள். பெயர் அங்கேயே விழுந்துவிட்டது. கூப்பிடுவது செந்தா என்று.

அப்பாவைப் பெற்ற ஆயாவுக்கு நாய் பிடிக்காது என்று சொல்ல முடியாது. நாய்க்கென்று ஓர் இடம் உண்டு, அது வாசல் என்பது அவர் கட்சி. வாசற்படியைத் தாண்டக்கூடாது. சாமி மாடம் உள்ளே இருக்கிறது, களிப்பானை உள்ளே இருக்கிறது, நாய்க்கு அங்கே என்ன வேலை? குட்டியாக இருந்தபோதே துடைப்பத்தைக் காட்டிக் காட்டி இந்தச் சட்டத்தை அதற்குப் புரியவைத்துவிட்டார். செந்தாவும் படிக்கு வெளியே முன்னங்கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு, தலையை மட்டும் படிமேல் வைத்துக்கொள்ளும். தலை உள்ளே வந்ததாகக் கணக்கா இல்லையா என்பதில் ஆயாவுக்கும் அதற்கும் நெடுநாள் வழக்கு இருந்தது.

அந்தச் சட்டம் திருத்தப்பட்டது முதல் தீபாவளிக்கு. தெருவில் ஓர் அணுகுண்டு வெடித்ததுதான் தெரியும். குட்டி படியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, மேற்கு அறையில் ஆயாவின் இரும்புக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. தகரப் பெட்டிக்கும் ராகி பீப்பாய்க்கும் நடுவில் இருந்த சந்தில் உடம்பைச் செருகிக்கொண்டு நடுங்கியது. ஆயா துடைப்பத்தை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்தார். துடைப்பத்தை நக்கியதே தவிர வெளியே வரவில்லை. கடைசியில் கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வெடி ஓயும்வரை இருந்து தொலையட்டும்" என்றார். அன்றிலிருந்து அது நடைமுறை ஆகிவிட்டது. தீபாவளி, மாரியம்மன் திருவிழா வாணவேடிக்கை, துக்க வீட்டு ஊர்வலத்தில் போடும் வெடி, பக்கத்துத் தோப்புக்காரர் கிளி விரட்டக் கொளுத்தும் வெடி என்று எது கேட்டாலும் உள்ளே வர அதற்கு அனுமதி உண்டு. சத்தம் நின்றதும் யாரும் சொல்லாமலேயே எழுந்து வெளியே வந்துவிடும். வெடிச்சத்தம் இல்லாத நாளில் படியைத் தாண்டி உள்ளே வந்ததாக எனக்கு நினைவில்லை. நாணயமான நாய்.

வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். தாத்தா கட்டியது. மண்சுவர், மேலே நாட்டு ஓடு. ஓட்டுக்குக் கீழே பனங்கைமரம். அதன் குறுக்கே நெருக்கமாகக் கட்டிய மூங்கில் வரிச்சு. எத்தனையோ வருட அடுப்புப்புகை ஏறி அந்த மூங்கில்கள் எண்ணெய் தடவியதுபோலக் கறுத்து மினுமினுக்கும். செல்லரிக்காமல் இருப்பதற்கு அந்தப் புகைதான் காரணம் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். பூச்சிக்கு எதிராக அது நல்ல மருந்து. நெருப்புக்கு முன்னால் காய்ந்த விறகு. பரணில் அந்த வருடத்துப் புளி ஏறியிருந்தது. மாசி பங்குனியில் உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை நீக்கி, உருண்டை பிடித்துப் பாயில் சுற்றி வைத்தது. பரணை ஒட்டித்தான் பழைய மரச்சட்ட ஒயரிங் ஓடியது. பரண் இருக்கும் இடத்தில் எலியும் இருக்கும். ஒயரை எலி கடித்ததா, பழைய இணைப்பு தளர்ந்து சூடேறியதா என்று இனி யாரும் சொல்ல முடியாது. "மின்கசிவு" என்று எழுதி முடித்தார்கள். எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பார்ப்பதற்கு ஒயரே மிஞ்சவில்லை.

நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்திருந்தேன். பங்குனியில் காற்று அடங்கிவிட்டால் ஊரில் பாதிப் பேருக்கு வாசலில்தான் படுக்கை. எங்களுக்கும் அப்படியே: அப்பாவுக்கும் தம்பிக்கும் கயிற்றுக்கட்டில், அம்மாவும் நானும் பாயில். ஆயாகூட அன்று கட்டிலை விட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார். உள்ளே யாரும் இல்லை. செந்தா தம்பி கட்டிலின் கால்மாட்டில் படுத்திருந்தது.

முதலில் எழுந்தவர் ஆயா. "யார் வீட்டிலோ புளி கருகுகிறது" என்று சொன்னார். அந்நேரத்தில் யார் வீட்டில் குழம்பு வைப்பார்கள் என்று அரைத் தூக்கத்தில் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெல்லப்பாகு தீய்ந்த நெடியோடு ஒரு புளிப்பு. மூக்கில் அது ஏறியபோது அப்பா எழுந்து நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டு இடுக்குகளில் வரிவரியாகச் சிவப்பு தெரிந்தது. வீட்டுக்குள் யாரோ விளக்குப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்போது மூங்கில் வெடிக்கத் தொடங்கியது. ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையில் காற்று அடைபட்டிருக்கும். சூடேறினால் விரியும், போக வழியில்லாமல் பிளந்துகொண்டு வெளியே வரும். அந்தச் சத்தம் அசல் பட்டாசுச் சத்தம். கேட்டவர்களுக்குத் தெரியும். ஒன்று, இன்னொன்று, பிறகு சரம் கொளுத்தியதுபோலத் தொடர்ந்து.

முதல் சத்தத்துக்கு செந்தா எழுந்து நின்றது. அடுத்த சத்தத்துக்கு வாலைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த கதவு வழியாக நேராக உள்ளே போய்விட்டது. குரைக்கவில்லை. யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

தம்பி "செந்தா!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினான். படியில் கால் வைத்தவனை அப்பா பிடரியோடு சேர்த்துச் சட்டையைப் பிடித்து இழுத்தார். பொத்தான்கள் தெறித்தன. அவன் திமிறினான். இருபத்திரண்டு வயதுப் பையனை அறுபதை நெருங்கும் மனிதர் எப்படி அடக்கினாரோ தெரியவில்லை, கீழே தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டார். கதவுக்கு மேலே இருந்த கைமரம் அதன்பின் கொஞ்ச நேரத்தில் விழுந்தது. அப்பா செய்தது சரி என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் தம்பி அப்பாவிடம் பேச வெகுநாள் ஆயிற்று.

ஊர் கூடிவிட்டது. 101க்கு யாரோ போன் செய்தார்கள். லைன்மேனைக் கூப்பிட்டு டிரான்ஸ்பார்மரில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். அதுதான் முறை, ஆனால் மின்சாரம் நின்றால் போர் மோட்டாரும் நின்றுவிடும். மாட்டுத்தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாக எடுத்து எறிந்தால் அது நெருப்பில் விழுமுன் ஆவியானதுதான் மிச்சம். வீட்டின் ஒரு பக்கத்தையாவது காப்பாற்றியது மருந்தடிக்கும் டிராக்டர். மா பிஞ்சு பிடிக்கும் காலம் என்பதால் தெருவுக்கு ஒன்றாவது தொட்டியும் ஸ்பிரேயரும் மாட்டித் தயாராக நிற்கும். மரத்தின் உச்சிவரை பீய்ச்சுகிற வேகம் அதற்கு உண்டு. மூன்றாம் வீட்டுச் சித்தப்பா தொட்டியோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, மேற்குப் பக்கத்துக் கூரையின்மேல் விடாமல் அடித்தார். தொட்டியில் மறுநாளுக்குக் கலந்து வைத்திருந்த மருந்து. அதைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் பிடிக்க யாருக்கு நேரம் இருந்தது? அதனால் எங்கள் வீட்டுச் சாம்பலில் பல நாள் பூச்சிமருந்து நெடி இருந்தது. இப்போதும் தோப்பில் மருந்தடித்தால் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

மேற்கு அறை எரியவில்லை. ஆயாவின் அறை அதுதான்.

தீயணைப்பு வண்டி வந்தபோது கிழக்கில் எரிவதற்கு அதிகம் மிஞ்சவில்லை. வந்தவர்கள் முதலில் கேட்டது, "உள்ளே யாராவது இருக்கிறார்களா?" எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். அப்பா விட்டுவிட்டு எழுந்திருந்ததால் தம்பி போய், "நாய் இருக்கிறது" என்றான். ஏதாவது கடுமையாகச் சொல்லப்போகிறார்கள் என்று நான் பயந்தேன். அவர்களில் தலை நரைத்த ஒருவர், "பயந்தால் எங்கே போய் ஒளியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக அவரை நான் மறக்கமாட்டேன். எங்கள் எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. ஒரே நேரத்தில் சொன்னோம்.

வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் உபயோகமாக ஏதாவது இருக்குமானால் அது இந்தக் கேள்விதான். நெருப்பைக் கண்ட மனிதன் வெளியே ஓடுவான். வளர்த்த பிராணிகள் பெரும்பாலும் தமக்குப் பழகிய பொந்தைத் தேடிப்போகும். எந்தப் பொந்து என்பது உங்களுக்குத்தான் தெரியும், முகமூடி போட்டுக்கொண்டு புகைக்குள் போகிறவருக்குத் தெரியாது.

கோணிச்சாக்கில் வைத்து எடுத்துவந்தார்கள். உடம்பில் ஒரு முடிகூடக் கருகவில்லை. மூக்குத் துவாரங்களைச் சுற்றி மட்டும் விரலால் மை தடவியதுபோலக் கறுப்பு. தீ விபத்துகளில் சாவு பெரும்பாலும் நெருப்பால் வருவதில்லை, புகையால் வருகிறது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிக வலுவோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு மூச்சு விட்டாலும் பயனில்லை. வலிக்காமல் மயக்கம் வந்துவிடும் என்று ஆறுதலாகச் சொல்கிறார்கள். அந்த ஆறுதலை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். முழுதாக நம்பினேனா என்பது வேறு விஷயம்.

விடிந்ததும் ஜனங்கள் விசாரிக்க வரத் தொடங்கினார்கள். இங்கே வீடு எரிந்தாலும் துக்க வீட்டுக்கு வருவதுபோலத்தான் வருவார்கள். பெண்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், ஆண்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். வெறுங்கையோடு யாரும் வரவில்லை. ராகி மூட்டை, அரிசி, எவர்சில்வர் குடம், புதுத்துண்டு, பாதி தேய்ந்த சோப்புக்கட்டிகூட வந்தது. இதைக் குறைத்துப் பேச என்னால் முடியாது. அந்த மாதம் முழுவதும் நாங்கள் சாப்பிட்டது ஊரின் சோறு.

ஆனால் தம்பி சாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பலருக்கும் அது பிடிக்கவில்லை. "வீடே போய்விட்டது, இவன் நாயைக் கட்டிக்கொண்டு அழுகிறான்" என்று ஒரு பெரியம்மா சொன்னார். அவர் கெட்ட மனசுக்காரர் அல்ல. வீட்டுக்கு அழுதால் தேற்றத் தெரியும். நாய்க்கு அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எங்களுக்குமே தெரியவில்லை. வீட்டைப் பற்றி விசாரித்தவர்களுக்குப் பதில் சொல்வது எளிதாக இருந்தது. எது போயிற்று, எது மிஞ்சியது என்று பட்டியல் சொன்னால் போதும்.

பால் சொசைட்டிக்குப் பால் எடுத்துப்போகும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். தினமும் காலையில் செந்தா அவருடைய வண்டியைத் தெருமுனைவரை துரத்தும். அதனால் அவர் எங்கள் வாசலில் வண்டியை விட்டு இறங்கியதே இல்லை. உட்கார்ந்தபடியே கேனை நீட்டுவார். அன்றும் வந்தார். எரிந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு, வழக்கப்படி ஒரு காலை ஊன்றி வண்டியிலேயே நின்றார். கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் பார்த்தார். "எங்கே அந்தச் சனியன்?" என்று கேட்டார். தம்பி சாக்கைக் காட்டினான். அண்ணன் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, இறங்கி வந்தார்.

செந்தாவைக் கேட்டு வந்த ஒரே ஆள் அவர்தான்.

புதைக்கும்போது சுற்றுவதற்குத் துணி வேண்டும் என்று ஆயா சொன்னார். வீட்டில் துணி என்று ஒன்று இருந்தால்தானே? யாரோ காலையில் கொண்டுவந்து கொடுத்த புதுத்துண்டை எடுத்து நடுவில் கிழித்தார். பாதியைத் தன் தோளில் போட்டுக்கொண்டார், பாதியைத் தம்பியிடம் கொடுத்தார். தோப்பில் செந்தூரா மரத்துக்குக் கிழக்கே ஆழமாகக் குழி வெட்டி, ஒரு படி உப்புப் போட்டுப் புதைத்தோம். பால் சொசைட்டி அண்ணன் கேனிலிருந்து ஒரு தம்ளர் ஊற்றினார். கணக்கில் எப்படிச் சரிக்கட்டினாரோ.

அடுத்து வந்தது காகித வேலை. அதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பட்டாவை இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். தம்பியின் மதிப்பெண் சான்றிதழுக்குத்தான் அலைச்சல் அதிகம். ஆயா டப்பாவில் சேர்த்து வைத்திருந்த நோட்டுகள் கரியாகி, தொட்டால் உதிர்ந்தன. அந்த நிலையில் உள்ள நோட்டுகளைச் சாதாரண வங்கிக் கிளைகள் வாங்காது. ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கே கொண்டுபோக வேண்டும். எங்களுக்குப் பக்கம் பெங்களூர். ஆயா டப்பாவைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

கிராம நிர்வாக அலுவலர் சேதக் கணக்கெடுக்க வந்தார். கனிவான மனிதர். இடிபாட்டுக்குள் சுற்றிப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். சமையல்கட்டில் களி கிண்டும் அலுமினியக் குண்டான் உருகித் தரையில் வழிந்து தகடாகக் கிடந்தது. அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். பித்தளை அண்டா நசுங்கியதோடு தப்பித்தது. "கால்நடை இழப்பு?" என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். அதே நொடியில் தம்பி, "ஒரு நாய்" என்றான். அவர் பேனாவைக் காகிதத்தின் மேலேயே வைத்திருந்தார். எழுதவும் இல்லை, எழுத முடியாது என்று சொல்லவும் இல்லை. "என்ன வயது?" என்று கேட்டார். அதை எங்கே எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

பேரிடர் நிவாரணத்துக்கு மத்திய அரசு 2022 முதல் 2026 வரை வகுத்த விதிமுறையைப் பிறகு தேடிப் படித்தேன். கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய். உழவு மாட்டுக்கு 32,000. ஆட்டுக்கு 4,000. கோழிக்கு 100. நாய் எங்கும் இல்லை. முதலில் கோபம் வந்தது. நிதானமாக யோசித்தால் அந்தப் பட்டியலில் ஒரு நியாயம் இருக்கிறது: பிழைப்பு போனவர்களுக்கு மறுபடி பிழைக்க வழி செய்கிற பட்டியல் அது. மாடு போனால் பால் போயிற்று, காளை போனால் உழவு போயிற்று. செந்தாவால் எங்களுக்கு ஒரு காசு வருமானம் கிடையாது. காவல் என்று சொன்னால் சிரிப்பு வரும். பால்காரரைத் தவிர யாரையும் அது துரத்தியதில்லை. ஒருவேளை நாய்க்கும் ஒரு தொகை போட்டிருந்தால்? கோழிக்கு மேலா கீழா என்று நாங்கள் பார்த்திருப்போம். போடாததே நல்லது.

பொருட்களில் எனக்குத் தாங்க முடியாதது தாத்தாவின் படம். கிருஷ்ணகிரி ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், அவர் முகம் இருந்த ஒரே படம். அது போயிற்று. அம்மா அப்பா கல்யாண ஆல்பமும் போயிற்று. தம்பி செல்போனில் செந்தாவின் படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன: தூங்கும்போது, கொட்டாவி விடும்போது, படிமேல் தலை வைத்து ஆயாவை முறைக்கும்போது. வீட்டைக் கட்டிய மனிதருக்கு ஒரு படம் இல்லை. வாசலைத் தாண்டி வரக்கூடாத நாய்க்கு இத்தனை. அந்தப் படங்களின் ஓரங்களில்தான் எங்கள் பழைய வீடு தெரிகிறது. திண்ணைத்தூண், கதவு, ஓட்டு விளிம்பு. புது வீட்டுக்குக் கதவு செய்ய வந்த ஆசாரிக்குப் பழைய நிலை எப்படி இருந்தது என்று காட்ட, தம்பி நாய்ப் படங்களைத்தான் தள்ளித் தள்ளிக் காட்டினான்.

இப்போது முன்பு சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். செந்தா எங்களைக் காப்பாற்றியது என்ற கதை இரண்டாம் நாளே பிறந்துவிட்டது. குரைத்து எழுப்பியதாம். பிறகு உள்ளே ஆயா மாட்டிக்கொண்டிருப்பதாக நினைத்து, அவரைத் தேடி நெருப்புக்குள் பாய்ந்ததாம். எங்கிருந்து கிளம்பிற்று என்று தெரியாது. சந்தையில் கேட்டதாக ஒருவர் எனக்கே வந்து சொன்னார். கேட்பவர்கள் எல்லோருக்கும் கண் கலங்கியது. நாய்க்காக அழுவதில் இருந்த கூச்சம் போய்விட்டது. தியாகிக்கு அழலாம் அல்லவா?

எனக்கு அந்தக் கதையைக் கேட்டாலே எரிச்சல் வரும். எழுப்பியது ஆயாவின் மூக்கு. செந்தா ஓடியது பயந்து. வெடிச்சத்தம் கேட்டால் ஆயாவின் கட்டிலுக்கு அடியில் போய்விட்டால் போதும், ஒன்றும் ஆகாது என்று அதற்கு நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்தோம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அது உண்மையாகவே இருந்தது. அந்த வீட்டை எங்களைவிட அது அதிகமாக நம்பியது. உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினால்தான் ஒரு நாய்க்கு அழலாம் என்பது என்ன நியாயம்? பயந்த நாய்க்கு அழக்கூடாதா?

நம் பக்கத்துக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மூன்றும் நடுகல் சீமை. மாடு மீட்கப்போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டு, அதையே வேடியப்பன் என்று இன்றுவரை கும்பிடுகிறோம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நாய்க்கும் கல்லில் இடம் கிடைத்திருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல், 7ஆம் நூற்றாண்டு. எருமை மந்தைக்காகச் சண்டையிட்டுச் செத்தவன் கருந்தேவகத்தி. பக்கத்தில் அவன் நாய். அதன் பெயர் கோவிவன் என்றும், கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. 1,400 வருடத்துக்கு முந்தைய நாய் ஒன்றின் பெயர் நமக்குத் தெரியும் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் பெயர் கல்லில் ஏற இரண்டு கள்வர்களைக் கடிக்க வேண்டியிருந்தது. அதே ஊரில் அதே வருடத்தில் இடி இடித்தால் எருமைத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்த நாய்களும் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் வீடு எரிந்த அதே 2023இல், ஜூலை 29ஆம் தேதி கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். அக்டோபரில் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தது. தீபாவளிக்குச் செலவுக்காகும் என்று வேலைக்குப் போன தருமபுரி மாவட்டத்துப் பையன்கள் அதில் கருகினார்கள். அந்த நாட்களில் ஓசூரில் என்னோடு வேலை பார்ப்பவர்கள், "உங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, அதுவே பெரிய பாக்கியம்" என்பார்கள். ஆமாம் என்பேன். மனதாரத்தான் சொல்வேன். அந்தத் தாய்மார்களின் முகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு, நாய் செத்துப்போயிற்று என்று சொல்ல வாய் கூசும். ஆனால் பெரிய துக்கத்தைப் பார்த்ததும் சின்ன துக்கம் எழுந்து வெளியே போய்விடுவதில்லை. அதுவும் ஒரு மூலையில் உட்கார்ந்துதான் இருக்கிறது.

செந்தா காப்பாற்றியது என்ற கதைக்கு வீட்டிலேயே ஆள் சேர்ந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அம்மா. அவரும் வாசலில்தான் படுத்திருந்தார், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர். ஒருநாள் விசாரிக்க வந்தவர்களிடம் அவரே, "எங்கள் அத்தையைத் தேடித்தான் உள்ளே ஓடிற்று" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, பிறகு தனியாகச் சண்டை போட்டேன். "நீயும் ஏன் பொய் சொல்கிறாய்?" அம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே, "உன் ஆயா இப்போது எங்கே படுக்கிறார், பார்த்தாயா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. நான் ஓசூருக்குப் போய்விட்டேன், எப்படிப் பார்ப்பது? புது வீடு எழும்பும்வரை சித்தப்பா வீட்டில் இருந்தார்கள். அங்கே கட்டில் கொடுத்தும் ஆயா ஏறவில்லையாம். பகலில் யாரிடமோ, "நான்தான் இடம் கொடுத்தேன். அன்றைக்கே துடைப்பத்தால் விரட்டியிருந்தால் அதற்கு அந்த இடமே தெரிந்திருக்காது" என்று சொல்லியிருக்கிறார். அம்மா அதைக் கேட்டிருக்கிறார். அதன்பிறகுதான் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார், ஒவ்வொரு தடவையும் ஆயாவின் காதில் விழும்படி. பயந்து ஒளிந்த நாய் என்றால் இடம் கொடுத்தவர்மேல் பழி. தேடிவந்த நாய் என்றால் அது ஆயாவுக்குக் கிடைத்த பிரியம். அந்தக் கதையால் ஆயாவின் பாரம் குறைந்ததா, கூடியதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆயா அதை மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. கட்டிலில் மட்டும் மறுபடி படுக்கிறார். புது வீட்டுக்கு அம்மா வாங்கிய கட்டில் தரையோடு தரையாகப் பெட்டி வைத்தது. அடியில் எலி நுழையக்கூட இடமில்லை. துணிமணி வைக்க வசதி என்கிறார்.

புது வீட்டில் பரண் இல்லை, மூங்கில் இல்லை. ஒயர் எல்லாம் சுவருக்குள் குழாயில் ஓடுகிறது. மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்றும் தம்பியின் பிடிவாதத்தால் மாட்டப்பட்டிருக்கிறது. வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் சொன்னார்: இந்தச் சுற்றுவட்டாரத்துப் பழைய வீடுகளில் பியூஸ் கட்டையைக் கழற்றிப் பார்த்தால் ஓர் இழை இருக்கவேண்டிய இடத்தில் கம்பியை முறுக்கிக் கயிறாகக் கட்டி வைத்திருப்பார்களாம். உருகி விழவேண்டியதுதான் அந்த இழையின் வேலை. உருகாதபடி கட்டிவிட்டால் அதற்குப் பதிலாக வேறு எங்காவது உருகும். உங்கள் வீட்டில் பழைய பியூஸ் கட்டை இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

தோப்பில் செந்தாவுக்கு ஒரு கல் நட வேண்டும் என்று தம்பி சொன்னான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்? கிரானைட் பட்டறைகளில் ஓரம் வெட்டிய துண்டுகள் குவிந்து கிடக்கும். என்ன எழுதுவது என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது. "உயிர் கொடுத்துக் காத்த செந்தூரா" என்று எழுதவேண்டும் என்றார் அம்மா. ஆயா இல்லாத நேரமாகப் பார்த்து நான் எதிர்த்தேன். இருவரும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்த அப்பா, எழுத்துக்கு எவ்வளவு கூலி என்று கல் வெட்டுபவரிடம் கேட்டார். கேட்டுவிட்டு, "பெயர் மட்டும் போதும்" என்றார். தீ விபத்துக்குப் பிறகு அப்பா சொன்ன ஒன்றைத் தம்பி மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

கல் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அவன் தன் கைக்காசைப் போட்டுப் பெயருக்குக் கீழே இன்னொரு வரியும் வெட்டச் சொல்லியிருக்கிறான்: "இங்கே பட்டாசு வெடிக்கக் கூடாது."

அம்மா சிரித்தார், பிறகு அழுதார். பக்கத்துத் தோப்புக்காரர் மட்டும் அதைத் தன்னைக் குறிவைத்து எழுதியதாக எடுத்துக்கொண்டார். கிளி விரட்ட வெடி போடுபவர் அவர்தான். தன் தோப்பில் தான் என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்று கல்வெட்டு வைத்துச் சொல்ல நீங்கள் யார் என்று வரப்பில் நின்று சத்தம் போட்டார். அப்பா ஒரு கூடை செந்தூராவோடு போய் உட்கார்ந்து பேசி, பிஞ்சு பிடிக்கும் மாதங்களில் மட்டும் வெடி போட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. கிளிகள் வருவது பழம் வரும்போதுதான் என்பதை அவருக்கு இன்னும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.